களரியில் எழுதிய ஆய்வு

1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ஒரு நூல் அரங்கேறியது. விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' அது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் துணைநின்று நடத்திய அந்த விழாவில் புலவர்கள் கூடினார்கள், நூல் வாசிக்கப்பட்டது. இவை எந்த அரங்கேற்றத்திலும் நடப்பவைதான். ஆனால் இங்கே நூலுக்குப் பக்கத்தில் கருவிகளும் இருந்தன. அடிகளின் ஆய்வைப் பின்பற்றிச் செய்த யாழ்களைச் சபையில் மீட்டிக் காட்டினார்கள். பல நூற்றாண்டுகளாகச் சொல்லாக மட்டும் வாழ்ந்துவந்த ஒரு கருவியின் ஓசையைக் கேட்கும் பேறு அன்று கூடியிருந்தோருக்குக் கிடைத்தது. நோயில் மெலிந்திருந்த அடிகள் அடுத்த மாதம் 19ஆம் தேதி காலமானார்.

அப்போது அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் பிறந்த மயில்வாகனன், அறிவியல் கற்று, லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, இராமகிருஷ்ண மடத்தில் துறவியானவர். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கிய மறு ஆண்டு, 1943இல், அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அதற்குமுன் உரையாசிரியர்கள் விளக்கியிருந்தார்கள். அடிகள் அதை ஓர் இயற்பியல் கணக்காகவும் எடுத்துக்கொண்டார். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதம், பாலை எனும் இசைநிலைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் முறை, தேவாரப் பண்களின் அடிப்படை ஆகியவற்றைப் பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் வகுத்தார். வில்யாழும் பேரியாழும் மகரயாழும் சகோடயாழும் அங்கே உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பேசப்படுகின்றன.

கருவியை ஏன் செய்ய வேண்டும்? நூலோடு நிறுத்தியிருந்தாலும் புகழ் குறைந்திருக்காது. ஆனால் நரம்பு பற்றிய ஒரு விகிதம் சரியா தவறா என்று தாளால் தீர்ப்புச் சொல்ல முடியாது. காது சொல்லும். மரத்தைக் குடைந்து, தோலைப் போர்த்து, நரம்பைக் கட்டி மீட்டும்போதுதான் கணக்கில் உள்ள வழு வெளிப்படும். கருவியைச் செய்தது ஆய்வு முடிந்தபின் சேர்த்த அலங்காரமன்று. ஆய்வின் ஒரு படி. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களின் சாதனையைப் பாராட்டும்போது கட்டுரைகளை எண்ணுகிறோம், நூல்களை எண்ணுகிறோம். ஆசிரியர் ஒருவர் மேடையேற்றிய கூத்தோ, வரைந்த ஓவியமோ, அமைத்த இசையோ 'பிற பணிகள்' என்ற தலைப்பின்கீழ் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அடிகள் அமர்ந்திருந்த அதே இருக்கைக்கு அவருக்குப்பின் வந்தவர்களின் கதையைத் தெரிந்துகொண்டால், இந்தப் பழக்கம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

அவருக்கு அடுத்துத் தமிழ்ப் பேராசிரியரானவர் க. கணபதிப்பிள்ளை. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்வெட்டு மொழியை ஆராய்பவர் கண்டுகொள்ளும் விசித்திரம் ஒன்றுண்டு. கல்லில் வெட்டுபவன் இலக்கணம் சொல்லும் வடிவத்தையே எப்போதும் எழுதுவதில்லை. வாயில் வழங்கும் வடிவம் உளியின் நுனியில் வந்து விழுந்துவிடும். பிழையென்று பிறர் தள்ளும் இடத்தில் மொழியியலார் அந்தக் காலத்து மனிதனின் குரலைக் கேட்கிறார்.

அந்தக் காது வாய்த்த பேராசிரியர் நாடகம் எழுத உட்கார்ந்தபோது யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியில் எழுதினார். 1940இல் வெளிவந்த 'நானாடகம்' நான்கு நாடகங்களின் தொகுப்பு. 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' என்று தலைப்பிலேயே ஊர் வாசனை வீசும். 1952இல் 'இருநாடகம்' வந்தது. மேடையில் ஏறியவுடன் செந்தமிழ் பேசத் தொடங்கும் பாத்திரங்களையே பார்த்துப் பழகியிருந்த சபைக்கு, உடையாரும் அவர் வீட்டாரும் தங்கள் அயலவர் போலவே பேசியது புதுமை. இன்று ஈழத்துப் பேச்சுத்தமிழின் பழைய நிலையை அறிய விரும்பும் மொழியியல் மாணவருக்கு இந்த நாடகங்கள் தரவாகவும் பயன்படும். கல்வெட்டில் கேட்ட குரலை மேடைக்கு மாற்றிய மனிதர், அடுத்த தலைமுறைக்கு ஒரு புதிய கல்வெட்டை விட்டுப்போயிருக்கிறார். அவருடைய ஆய்வேட்டையும் நாடகங்களையும் தனித்தனி அடுக்கில் வைப்பவர்கள் இந்தத் தொடர்ச்சியைக் காணாமல் விடுகிறார்கள்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்காக இந்நாடகங்களை மேடையேற்றியவர் அவருடைய மாணவரும் பின் உடன் ஆசிரியருமான சு. வித்தியானந்தன். நடித்த மாணவர்களுள் ஒருவர் கார்த்திகேசு சிவத்தம்பி. மேடையில் நின்று பழகிய அந்த மாணவர் பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்.

பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அந்தானை மலையடிவாரத்தில், மகாவலி கங்கைக் கரையில், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே விடுதிகளில் தங்கிப் படித்த காலம். அங்கே சிங்கள மொழியிலும் இதேபோன்ற வேட்கை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அங்கே ஆசிரியராக இருந்த எதிரிவீர சரச்சந்திர பௌத்த உளவியலை ஆராய்ந்தவர். கிராமங்களுக்குச் சென்று சிங்கள நாட்டார் நாடகங்களைப் பார்த்துத் தொகுத்து 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். கோலம், சொக்கரி, நாடகம எனும் வடிவங்களை அதில் விவரித்தார். 'நாடகம' என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான். கத்தோலிக்கத் தமிழர்களின் கூத்து கரையோரமாகத் தெற்கே சென்று சிங்களமாகிய வடிவம் அது. 1955இல் ராக்பெல்லர் நல்கையில் ஜப்பான் சென்று நோ, கபுகி நாடகங்களைப் பார்த்தார். பழைய வடிவம் ஒன்று நவீன மேடையில் தன் மானம் குறையாமல் நிற்க முடியும் என்ற தெளிவோடு திரும்பினார்.

நூல் எழுதிய அறிவு மட்டும் நாடகம் போடப் போதாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாடகமவின் பாடல்களையும் தாளங்களையும் பரம்பரையாக அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயை அழைத்துவந்தார். 1956 நவம்பர் 3ஆம் நாள், கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அவருடைய 'மனமே' நாடகம் மேடையேறியது. சிங்கள நாடகத்தின் திசையே அன்று மாறியது என்பது சிங்கள விமர்சகர்கள் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. 1961இல் 'சிங்கபாகு'. 1988இல் ராமோன் மக்சேசே விருது. நாடு தனிச் சிங்களச் சட்டத்தால் மொழிவழி பிளந்துகொண்டிருந்த அதே 1956இல், சிங்கள மக்கள் தங்கள் தேசிய நாடகமாகக் கொண்டாடிய படைப்பின் எலும்புக்கூட்டில் தமிழ்க் கூத்து இருந்தது. இதை நினைக்கும்தோறும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

'மனமே' எழுப்பிய அலை அதே வளாகத்தில் இருந்த வித்தியானந்தனை அசைத்தது. அவர் பத்துப்பாட்டை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 'தமிழர் சால்பு' எழுதியவர். சங்கத் தமிழ்ப் பண்பாட்டை எழுதிய கை மட்டக்களப்பில் கூத்தாடும் களரிப் பக்கம் திரும்பியது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக அவர் பொறுப்பேற்றதும் ஊர் ஊராகக் கூத்துப் பார்க்கும் பயணம் தொடங்கியது. மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களையும் மன்னார் நாட்டுப் பாடல்களையும் தொகுத்து அச்சேற்றினார். 'அலங்காரரூபன் நாடகம்', 'மூவிராசாக்கள் நாடகம்' போன்ற கூத்து நூல்களை 1960களில் ஏட்டுப் பிரதிகளிலிருந்து பதிப்பித்தார். கூத்துப் பழக்கும் ஆசான்களாகிய அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி மாநாடு நடத்தினார். கல்வி கற்ற வகுப்பார் கூத்தைப் பாமரர் ஆட்டமென்று ஒதுக்கியிருந்த காலத்தில், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்தியது சிறிய செய்தியன்று.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் ஒரு கூத்துப் பழகுவது என்பது மாதக்கணக்கில் ஊரே ஈடுபடும் காரியம். முதலில் சட்டம் கொடுத்தல். ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து, அவருக்குரிய பாட்டுப் பகுதியைக் கையளிப்பது. பிறகு இரவுதோறும் பழக்கம். ஆட்டம் தேறியபின் சதங்கை அணிதல், அதற்குப்பின் முழுக் கூத்தையும் ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல், முடிவில் அரங்கேற்றம். அரங்கேற்றத்துக்குப் பிறகு வீடு வீடாகச் சென்று ஆடுவதும் உண்டு. ஆடும் இடம் வட்டக்களரி. நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார், கூத்தர்கள் அவரைச் சுற்றி ஆடுவார்கள், சனம் நான்கு புறமும் சூழ்ந்திருக்கும். கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு வகை உண்டு. வடமோடியில் போர்க்கதை அதிகம், துள்ளலும் வீரமும் மிகுதி. தென்மோடியில் பாட்டை இழுத்து நயமாகப் பாடுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் தனித் தாளக்கட்டு உண்டு. அரசன் வருகிறானா, அரசி வருகிறாளா, தூதன் வருகிறானா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டிருப்பவரும் மத்தளத்தில் தெரிந்துகொள்வார்.

பொழுது விடியும்வரை நடக்கும் இந்தக் கலையை ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே பக்கத்தில் சபை அமர்ந்திருக்கும் படச்சட்ட மேடைக்கு எப்படிக் கொண்டுவருவது? பேராதனையில் வித்தியானந்தனும் மாணவர்களும் எதிர்கொண்ட கேள்வி இது. இதை நான் ஓர் ஆய்வுக் கேள்வியாகவே பார்க்கிறேன், ஏனெனில் விடை தேட வேண்டுமானால் ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று அறிந்தாக வேண்டும். ஒரு பாட்டு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? நான்கு பக்கச் சபைக்கும் கேட்கவேண்டுமென்பதற்கா, ஆடுபவருக்கு மூச்சுவாங்க இடம் கொடுப்பதற்கா, உணர்ச்சி ஏறுவதற்கா? மூன்றாவது காரணமானால் அதைக் குறைக்கக்கூடாது. முதற்காரணமானால் குறைக்கலாம். பதிப்பாசிரியராக ஏட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. வெட்டவேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் எழுந்தது.

வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு வந்தார். விரிவுரை மண்டபங்களுக்குப் பக்கத்தில் மத்தளம் ஒலித்தது. பட்டதாரி மாணவர்கள் அவர் காலைப் பார்த்து அடி வைக்கப் பழகினார்கள். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. மறு ஆண்டு 'நொண்டி நாடகம்'. பிறகு 'இராவணேசன்', 1967இல் 'வாலிவதை'. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் களரி நடுவிலிருந்து மேடையின் ஒரு பக்கத்துக்கு நகர்ந்தார்கள். வட்டமாகச் சுழன்ற ஆட்டம் சபையை நோக்கி விரிந்தது. ஒளியமைப்பு சேர்ந்தது. உடல் ஆட்டத்தோடு முகபாவமும் வேண்டுமென்று நெறியாளர் வற்புறுத்தினார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பார்த்தவர்கள், தங்கள் ஊர்ப்புறத்திலேயே இருந்த ஒன்றை முதன்முறையாகக் கண்டதுபோல் வியந்தார்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 'இராவணேசன்'. அதன் பிரதியை எழுதியவர் அப்போது மாணவராக இருந்த, மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு. மரபுக் கூத்தில் கதைதான் முதன்மை. நிகழ்ச்சிக்குப்பின் நிகழ்ச்சியாக விடியும்வரை போகும். இங்கே ஒரு மனிதனின் உள்ளம் முதன்மை பெற்றது. கும்பகர்ணனையும் இந்திரஜித்தையும் இழந்தபின் போர்க்களத்துக்குப் போகும் இராவணனின் துயரம், பெருமிதம், பிடிவாதம் எல்லாம் தாளக்கட்டுக்குள் வர வேண்டும். வீரத்துக்கென்று வகுத்த ஆட்டத்தால் துயரத்தைச் சொல்ல முடியுமா? வேகத்தைத் தணித்து, அதே அடியைக் கனத்து வைத்தால் முடியும் என்று அந்த மேடை காட்டியது. கூத்தின் ஆற்றல் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு இது. இதை முதலில் நிறுவியது ஆடியவரின் கால்.

இந்தக் கொண்டாட்டத்தில் இழப்பைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. வட்டக்களரியில் சனமும் கூத்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படச்சட்ட மேடை அந்த நெருக்கத்தைப் பிரித்தது. இரவு முழுவதும் நடந்த கூத்துக்குள் உறவுகள் கூடின, பகைகள் தீர்ந்தன, பிள்ளைகள் மடியில் தூங்கி விழித்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அதற்கு இடமில்லை. நகரத்துப் படித்தவர் ரசனைக்காகக் கூத்துச் செப்பனிடப்பட்டது என்று பின்வந்தவர்கள் குறை சொன்னார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர் வேறு வழியில் போனார். கூத்தை ஊரைவிட்டு வெளியே எடுக்காமல், சீலாமுனை போன்ற ஊர்களில் கூத்தர்களோடு அமர்ந்து, பெண் பாத்திரங்களின் நிலை, சாதி, வன்முறை பற்றிய பகுதிகளை அவர்களே விவாதித்து மாற்றும் மீளுருவாக்க முயற்சியில் ஈடுபட்டார். அந்தக் குறையில் நியாயம் உண்டென்றே நான் நினைக்கிறேன். ஆயினும் பேராதனை முயற்சி நடந்திராவிட்டால் பல்கலைக்கழகத்துக்குள் இந்த விவாதத்துக்கே இடம் இருந்திராது. ஓர் ஆய்வு முடிவை அடுத்த ஆய்வாளர் மறுத்து முன்னேறுவதைப்போல, ஓர் அளிக்கையை இன்னோர் அளிக்கை மறுத்து முன்னேறியிருக்கிறது. மௌனகுருவே 1969இல் 'சங்காரம்' என்ற படைப்பில் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் சமூக ஏற்றத்தாழ்வைப் பேசுவதற்குத் திருப்பினார். ஆசிரியர் அமைத்ததை மாணவர் கேள்வி கேட்டதன் விளைவு அது.

மௌனகுரு பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது அங்கே துணைவேந்தர் வித்தியானந்தன். 1979இல் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்று 1988வரை இருந்தவர். அந்த ஆய்வேட்டில் சதங்கை அணிதலையும் அடுக்குப் பார்த்தலையும் படிப்பவர், காலில் சதங்கை கட்டிய ஒருவர் எழுதுகிறார் என்பதை உணர்வார். ஆட்டத்தை வெளியிலிருந்து விவரிப்பவர் அடியின் பெயரைச் சொல்வார். உள்ளிருந்து எழுதுபவர் அந்த அடியில் உடலின் கனம் எங்கே விழுகிறது என்று சொல்வார். யாழ்ப்பாணத்தில் மேடை வேறு வடிவமும் எடுத்தது. 1985இல் அங்கே குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் ஊர் ஊராக ஆடப்பட்டபோது அதில் நின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். போர்க்காலத்துச் சனத்தின் வேதனையைப் பேசிய அந்த நாடகத்துக்கும் பேராதனையின் மத்தள ஒலிக்கும் இடையே தூரம் அதிகம். ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு மேடை வேண்டும் என்ற நம்பிக்கை ஒன்றே.

உலகின் பிற இடங்களில் இந்த நம்பிக்கைக்கு இப்போது கணக்கேட்டிலும் இடமிருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் 2014, 2021 ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரம் நாடளாவிய முறையில் மதிப்பிடப்பட்டபோது, நூலும் கட்டுரையும் போலவே அரங்க அளிக்கை, இசையமைப்பு, கண்காட்சி ஆகியவற்றையும் சமர்ப்பிக்க முடிந்தது. அளிக்கை எந்தக் கேள்வியோடு தொடங்கியது, எதைப் புதிதாகக் காட்டியது என்பதை அங்கே விளங்கவைக்க வேண்டும். அந்த அளவுகோலை 'கர்ணன் போர்'மீது வைத்துப் பாருங்கள். கேள்வி தெளிவு, முறை தெளிவு, முடிவு மேடையில் கண்கூடு. அடுத்த ஆறு தசாப்தங்களில் அதிலிருந்து பிறந்த ஆய்வுகளும் அளிக்கைகளும் ஏராளம். ஒரு கட்டுரை இவ்வளவு காலம் உயிரோடிருந்தால் அதை எழுதியவருக்குச் சிலை வைப்போம்.

பாராட்டு விழாவில் யாரை மேடைக்கு அழைப்பது என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது. யாழைச் செதுக்கிய தச்சர் உண்டு. 'மனமே'க்குப் பாட்டுத் தந்த குருநான்சே உண்டு. பேராதனையில் அடி சொல்லிக்கொடுத்த அண்ணாவியார் உண்டு. ஓர் அறிவியல் கட்டுரையில் பலர் பெயர் வரிசையாக நிற்பதை நாம் இயல்பாக ஏற்கிறோம். களரியில் நடந்த ஆய்வுக்கு மட்டும் பேராசிரியர் ஒருவரையே ஆசிரியராகக் கொள்வது ஏன்? வித்தியானந்தன் அண்ணாவிமாரை அழைத்து மாநாடு கூட்டியபோது இந்தக் கேள்விக்குத் தன்னளவில் விடை சொன்னார் என்றே கருதுகிறேன். நம் பல்கலைக்கழகங்களின் சட்ட விதிகளில் அந்த விடை இன்னும் ஏறவில்லை.

மட்டக்களப்பில் 1981இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மௌனகுரு அங்கே நுண்கலைத்துறையைக் கட்டியெழுப்பினார். கல்லடியிலுள்ள அழகியற் கற்கை நிறுவகத்துக்குச் சுவாமி விபுலானந்தரின் பெயர். 'இராவணேசன்' அந்த மண்ணில் புதிய மாணவர்களோடு மீண்டும் ஆடப்பட்டது. பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் அமைந்திருக்கும் ஊர் வந்தாறுமூலை. 1962இல் மத்தளத்தோடு பேராதனைக்குப் புறப்பட்டுப்போன செல்லையா அண்ணாவியாரின் ஊர்.